இரண்டாம் இடத்துக்கு யார்?

தோட்டப் பள்ளிகளில் ஆண்டுக்கொரு முறை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். தலைவர் பதவிக்குப் பெயர் கேட்கும்போது கூட்டம் காது கொடுத்துக் கேட்கும். முன்மொழிவார்கள், வழிமொழிவார்கள், கை தூக்குவார்கள், சில வேளைகளில் குரலும் உயரும். அடுத்து, "துணைத் தலைவருக்கு யார்?" என்று கேட்கும்போது பாதிப் பேர் தேநீர் மேசையின் பக்கம் நகர்ந்திருப்பார்கள். "யாரையாவது போடுங்கள் ஐயா" என்று ஒரு குரல் வரும். அந்த 'யாரோ' ஒருவரின் பெயரை நாமும் குறிப்பேட்டில் எழுதிக் கொள்வோம். ஓர் ஆண்டு, தலைவராக இருந்தவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது, அந்த 'யாரோ' யார் என்று.

உலகத்தின் வல்லரசுகளில் ஒன்றான அமெரிக்காவும் இதே தவற்றைப் பலமுறை செய்திருக்கிறது. அங்கே அதிபர் தேர்தலில் ஒவ்வொரு கட்சியும் இரண்டு பெயர்களை மக்கள் முன் வைக்கிறது. ஒருவர் அதிபர் வேட்பாளர், மற்றவர் துணை அதிபர் வேட்பாளர். இரண்டாமவரை அவர்கள் 'ரன்னிங் மேட்' என்பார்கள். குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல் அது. நம்மவர்களுக்கு ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகள் என்று சொன்னால் இன்னும் எளிதாக விளங்கும். வாக்காளர் ஒன்றை எடுத்துக் கொண்டு மற்றொன்றை விட முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. அதிபர் தேர்தலில் இரண்டாவதாக வந்தவரே துணை அதிபர் என்பது பழைய விதி. 1796-ஆம் ஆண்டு ஜான் ஆடம்ஸ் அதிபரானார். அவரை எதிர்த்து நின்ற ஜெபர்சன் துணை அதிபரானார். எதிரும் புதிருமாக நின்ற இருவர் ஒரே அரசாங்கத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரே கட்சியைச் சேர்ந்த ஜெபர்சனும் ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றார்கள். மக்களவை 36 முறை வாக்கெடுத்த பிறகே ஜெபர்சன் அதிபர் என்று முடிவாயிற்று. அதன் பின் 1804-இல் அரசியலமைப்பைத் திருத்தி, இரண்டு பதவிகளுக்கும் தனித்தனியே வாக்களிக்கும் முறையைக் கொண்டு வந்தார்கள்.

துணை அதிபருக்குச் சட்டம் கொடுத்த வேலை மிகச் சிறிது. செனட் சபைக்குத் தலைமை தாங்கலாம். அங்கே வாக்குகள் சமமானால் தம் வாக்கைப் போடலாம். மற்றபடி அதிபர் நலமாக இருக்கும் வரை அவருக்கென்று அதிகாரம் கிடையாது. ஆனால் அதிபர் இறந்தாலோ பதவி விலகினாலோ அடுத்த நிமிடமே நாடு அவர் கைக்கு வந்துவிடும். இவ்வாறு மேலே வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர், ஒன்பது பேர்.

1900-ஆம் ஆண்டு குடியரசுக் கட்சியினர் செய்ததைப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆளுநராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், கட்சிப் பெரியவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தார். அங்கே கட்சியை ஆட்டிப் படைத்த தாமஸ் பிளாட் என்பவர், அவரைத் துணை அதிபர் நாற்காலிக்கு ஏற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று கணக்குப் போட்டார். ஒரு மனிதரை ஒழித்துக்கட்ட அவருக்கு மாலை போடுவது! அதிபர் மெக்கின்லி 1901 மார்ச் மாதம் இரண்டாம் முறையாகப் பதவியேற்றார். செப்டம்பர் 6-ஆம் நாள் பபலோ நகரில் அவரைச் சுட்டார்கள், 14-ஆம் நாள் உயிர் பிரிந்தது. ஓரங்கட்டப்பட்ட ரூஸ்வெல்ட் தமது 42-ஆவது வயதில் அதிபரானார். பிளாட்டின் முகம் அன்று எப்படி இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

நம் நாட்டுப் பெரியவர்களுக்கு இந்தச் செய்தி புதிதாக இராது. 1973 ஆகஸ்ட்டில் துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயில் திடீரென்று காலமானார். அவருக்குப் பதிலாக உசேன் ஓன் அமர்த்தப்பட்டார். மூன்று ஆண்டுகள் முழுதாக முடியவில்லை. 1976 ஜனவரி 14-ஆம் நாள் பிரதமர் துன் அப்துல் ரசாக் லண்டனில் உயிர் நீத்தார், மறுநாள் உசேன் ஓன் பிரதமரானார். இரண்டாம் இடம் யாருக்கு என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பதை அந்த நாள்களில் நம் நாடும் கண்டது.

இனி நாம் சொல்ல வந்த கதைக்கு வருவோம். அது 1980-ஆம் ஆண்டு டிட்ராய்ட் நகரில் ஓர் இரவில் நடந்தது. ஆனால் அதன் வேர் நான்காண்டுகளுக்கு முன்னால் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் பாதிக் கதைதான் விளங்கும்.

1968-இல் நிக்சன் தமக்குத் துணையாக மேரிலாண்ட் ஆளுநர் ஸ்பைரோ அக்னியூவைத் தேர்ந்தெடுத்தார். அப்போது நாட்டில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. 1973 அக்டோபரில் வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டில் சிக்கி அக்னியூ பதவி விலகினார். 1967-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 25-ஆவது திருத்தத்தின்படி, நிக்சன் ஜெரால்ட் போர்டைத் துணை அதிபராக நியமித்தார். 1974 ஆகஸ்ட் 9-ஆம் நாள் வாட்டர்கேட் ஊழலால் நிக்சனும் பதவி விலக, போர்ட் அதிபரானார். அதிபர் பதவிக்கோ துணை அதிபர் பதவிக்கோ மக்களிடம் ஒரு வாக்கும் கேட்காமல் அந்த நாற்காலிக்கு வந்தவர் அவர் ஒருவரே.

1976-இல் போர்ட் தேர்தலில் நிற்க முனைந்தபோது, அவருடைய கட்சியிலிருந்தே ஒருவர் எதிர்த்துக் கிளம்பினார். அவர்தான் ரோனால்ட் ரீகன். திரைப்பட நடிகராக இருந்து, கலிபோர்னியா மாநிலத்தின் ஆளுநராக எட்டாண்டுகள் இருந்தவர். வரியைக் குறைக்க வேண்டும், அரசாங்கத்தின் கை சுருங்க வேண்டும், சோவியத் நாட்டிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற பழமைவாதக் கொள்கையினரின் நாயகர். தொழிலாளர் குடும்பங்கள் அறிய ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடலாம். இதே ரீகன் ஒரு காலத்தில் ஹாலிவுட் நடிகர்கள் சங்கத்தின் தலைவர். பின்னாளில் அதிபரான பிறகு, 1981-இல், வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை வேலையிலிருந்து நீக்கியவரும் அவரே. அந்தச் சங்கம் தேர்தலில் அவரை ஆதரித்த சங்கம் என்பதை நினைத்தால் நமக்கு மனம் கசக்கிறது.

1976 கோடையில் போர்டுக்கும் ரீகனுக்கும் பேராளர் எண்ணிக்கையில் இழுபறி. அப்போது ரீகன், மாநாட்டுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே, தாம் வேட்பாளரானால் பென்சில்வேனியா செனட்டர் ரிச்சர்ட் ஷ்வைக்கரைத் துணையாகக் கொள்ளப் போவதாக அறிவித்தார். அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. ஷ்வைக்கர் கட்சியின் இடதுபக்கத்தில் நின்றவர், தொழிற்சங்கங்களின் நன்மதிப்பைப் பெற்றவர். அவரைக் காட்டி நடுநிலையாளர்களை இழுக்கலாம் என்பது திட்டம். ஆனால் வலையில் மீன் விழவில்லை, வலைதான் கிழிந்தது. தென் மாநிலங்களில் ரீகனை நம்பி நின்ற பழமைவாதிகள், "நம் ஆளே இப்படிச் செய்யலாமா?" என்று கொதித்தார்கள். மிஸிஸிப்பி மாநிலத்தின் பேராளர்கள் போர்ட் பக்கம் சாய்ந்தார்கள். கான்சாஸ் சிட்டி மாநாட்டில் போர்ட் 1,187 வாக்குகள், ரீகன் 1,070. தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ரீகன் அதிலிருந்து பாடம் கற்றார் என்பதில் ஐயமில்லை. வேட்பாளர் ஆவதற்கு முன் துணையின் பெயரைச் சொல்லக் கூடாது.

போர்டும் அந்தத் தேர்தலில் வெல்லவில்லை. ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர் வென்றார். நான்காண்டுகள் கழிந்தன. விலைவாசி ஏறியது, ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணை பிடிக்கப்பட்டார்கள், கார்ட்டரின் செல்வாக்குச் சரிந்தது. 1980-இல் ரீகன் மீண்டும் களத்தில் இறங்கினார். இம்முறை அவரை எதிர்த்து நின்றவர்களில் கடைசி வரை தாக்குப்பிடித்தவர் ஜார்ஜ் புஷ். (2001-இல் அதிபரான புஷ் இவருடைய மகன். நாம் சொல்வது தந்தையைப் பற்றி.)

புஷ்ஷின் தந்தையும் செனட்டராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் போர் விமானம் ஓட்டி, டெக்ஸஸ் மாநிலத்தில் எண்ணெய்த் தொழில் செய்து, நாடாளுமன்ற உறுப்பினர், ஐக்கிய நாடுகள் சபைத் தூதர், கட்சித் தலைவர், பீக்கிங்கில் அமெரிக்கப் பிரதிநிதி, உளவுத் துறைத் தலைவர் என்று பதவிப் பட்டியல் நீளும். 1974-இல் போர்ட் துணை அதிபரைத் தேடியபோது இவர் பெயரும் இருந்தது. ராக்கபெல்லருக்கு அந்த இடம் போயிற்று, இவர் பீக்கிங்குக்குப் போனார்.

1980 ஜனவரியில் ஐயோவா மாநிலத்தில் புஷ் ரீகனை வென்றார். அடுத்த மாதம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா என்ற ஊரில் ஒரு விவாத மேடை. செலவைக் கொடுத்தவர் ரீகன். இருவர் மட்டும் பேசுவதாக இருந்த அந்த மேடைக்கு ரீகன் மற்ற வேட்பாளர்களையும் அழைத்து வந்துவிட்டார். அவருடைய ஒலிவாங்கியை நிறுத்தச் சொன்னபோது, இதற்குப் பணம் கொடுப்பது நான் என்று அவர் கர்ஜித்தார். கூட்டம் ஆரவாரித்தது. புஷ்ஷோ பேசாமல் நேரே பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி ரீகனின் மனத்தில் தங்கிவிட்டது. இக்கட்டில் வாயடைத்துப் போகிறவர் என்று அவர் புஷ்ஷை எடை போட்டுவிட்டார். போதாக்குறைக்கு ஏப்ரலில் புஷ், ரீகனின் பொருளாதாரத் திட்டத்தை மந்திரவாதப் பொருளாதாரம் என்று பொருள்படக் கேலி செய்தார். வரியையும் குறைத்து, படைக்கும் செலவழித்து, வரவு செலவையும் சரிக்கட்டுவது மாயமந்திரம் அல்லாமல் வேறென்ன என்பது அவர் கேள்வி. மே மாதக் கடைசியில் புஷ் போட்டியிலிருந்து விலகிக் கொண்டார். சொன்ன சொல் மட்டும் விலகவில்லை.

ஜூலை 14-ஆம் நாள் டிட்ராய்ட் நகரில் மாநாடு தொடங்கியது. ரீகனுக்கு வேட்பாளர் பதவி உறுதி. துணைக்குத்தான் ஆள் முடிவாகவில்லை. அவருக்கு வயது 69. ஆகவே அந்த இரண்டாவது பெயரை மக்கள் சற்று உற்றுப் பார்ப்பார்கள். தம்மைப் போன்ற இன்னொரு பழமைவாதியைச் சேர்த்தால் கட்சியின் தீவிரர்கள் மகிழ்வார்கள், நாடு அஞ்சும். நடுநிலையாளரைச் சேர்த்தால் நாடு ஆறுதல் கொள்ளும், தீவிரர்கள் முகம் சுளிப்பார்கள். ஷ்வைக்கர் விவகாரம் இன்னும் மறக்கவில்லை.

அப்போதுதான் ஒரு விந்தையான யோசனை வலுப்பெற்றது. முன்னாள் அதிபர் போர்டையே துணை அதிபராக்கினால் என்ன? முதல் நாள் மாநாட்டில் பேசிய போர்ட், ரீகனின் அணியில் தம்மையும் சேர்த்துக் கொள்ளலாம் என்பதுபோல் முழங்கியிருந்தார். மறுநாள் ரீகன் அவரைச் சந்தித்துக் கேட்டார். நான்காண்டுகளுக்கு முன் மோதிக் கொண்டவர்கள். ஒரு காலத்தில் நாட்டை ஆண்டவரை, "எனக்குக் கீழே வாருங்கள்" என்று அழைப்பது எளிதான காரியமன்று. போர்ட் உடனே ஒப்பவில்லை, மறுக்கவும் இல்லை. இரண்டு தரப்பிலும் ஆள்களை வைத்துப் பேசச் சொன்னார்கள். போர்ட் பக்கம் கிஸிஞ்சர், கிரீன்ஸ்பான் முதலியோர். ரீகன் பக்கம் கேசி, மீஸ் முதலியோர்.

பேசப் பேசப் பட்டியல் நீண்டது. வரவு செலவுத் திட்டத்தில் போர்டுக்கு என்ன பங்கு? வெளியுறவிலும் பாதுகாப்பிலும் என்ன பங்கு? கிஸிஞ்சருக்கு அமைச்சரவையில் இடம் உண்டா? இதில் சட்டச் சிக்கலும் ஒன்று. ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் தங்கள் மாநிலத்தைச் சேர்ந்த இருவருக்கும் சேர்த்து வாக்களிக்கக் கூடாது என்பது அமெரிக்க அரசியலமைப்பு விதி. ரீகன் கலிபோர்னியாக்காரர். போர்டும் ஓய்வுக்குப் பிறகு கலிபோர்னியாவிலேயே குடியேறியிருந்தார். அந்த மாநிலத்துக்கு அப்போது 45 தேர்வாளர் வாக்குகள். குடியிருப்பை மாற்ற வேண்டியிருக்கும் என்று வழக்கறிஞர்கள் தலையைச் சொறிந்தார்கள்.

ஜூலை 16, புதன்கிழமை. அன்று மாலை போர்ட் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற செய்தியாளர் வால்டர் கிராங்கைட்டுக்குப் பேட்டி கொடுத்தார். தாம் வெறும் பொம்மையாக வாஷிங்டனுக்குப் போக மாட்டேன், முக்கிய முடிவுகளில் உண்மையான பங்கு வேண்டும் என்றார். அப்படியானால் இது கூட்டு அதிபர் பதவி போன்றதா என்று கிராங்கைட் கேட்டார். போர்ட் அதைத் தெளிவாக மறுக்கவில்லை. ஓட்டல் அறையில் தொலைக்காட்சி பார்த்துக் கொண்டிருந்த ரீகன் திடுக்கிட்டார். ஓர் உறையில் இரண்டு வாளா? அவர் கேட்டது துணையை. வர இருந்ததோ பங்காளி.

அதற்குள் மாநாட்டு மண்டபத்தில் போர்ட்தான் என்று செய்தி பரவிவிட்டது. சிகாகோ நாளிதழ் ஒன்று ரீகன், போர்ட் என்றே தலைப்பிட்டு அச்சடித்துவிட்டது. அன்றிரவு மேடையேறி ரீகனுக்கு ஆதரவாகப் பேசிய புஷ்ஷின் காதிலும் அது விழுந்தது. 1974-இல் கைநழுவிய இடம் மறுபடியும் நழுவியது என்று எண்ணி அவர் தம் ஓட்டல் அறைக்குத் திரும்பினார்.

இரவு பதினொன்றரை மணி வாக்கில் போர்ட் ரீகனின் அறைக்கு வந்தார். இது சரிப்பட்டு வராது என்று தாமே சொல்லிவிட்டார். இருவரும் மனக்கசப்பில்லாமல் பிரிந்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வரலாற்றில் போர்டுக்கு நாம் கொடுக்கும் மதிப்பெண்ணில் இந்தச் சில நிமிடங்களுக்கும் பங்கு உண்டு. இழுத்துப் பிடித்திருந்தால் அவர் ஏதேனும் பெற்றிருக்கவும் கூடும்.

ரீகனுக்கு நேரம் இல்லை. காலை வரை விட்டால், முன்னாள் அதிபர் மறுத்த இடத்துக்கு ஆள் தேடி அலைகிறார் என்று பத்திரிகைகள் எழுதும். மனத்தில் இருந்த நாஷுவா காட்சியை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் தொலைபேசியை எடுத்தார், புஷ்ஷை அழைத்தார். கட்சியின் கொள்கை அறிக்கை முழுவதையும் ஆதரிக்க முடியுமா என்று கேட்டார். கருக்கலைப்புப் போன்ற சில செய்திகளில் புஷ்ஷின் கருத்து வேறாக இருந்தது ஊரறிந்தது. ஆதரிக்க முடியும் என்றார் புஷ். மந்திரவாதப் பொருளாதாரமும் அந்த ஒரு சொல்லில் அடங்கிப் போயிற்று. நள்ளிரவுக்குப் பிறகு ரீகன் மாநாட்டு மண்டபத்துக்கு நேரில் போய்ப் பெயரை அறிவித்தார். ஏற்புரைக்கு முந்திய இரவிலேயே வேட்பாளர் மேடைக்கு வருவது வழக்கத்துக்கு மாறான செயல். வதந்தியை அடக்க வேறு வழியில்லை.

இதைக் கொள்கைத் துரோகம் என்று வகுப்பில் ஒரு மாணவி சொன்னாள். இன்னொருத்தி, வீட்டில் அண்ணன் தம்பி சண்டைக்குப் பிறகு ஒரே தட்டில் சாப்பிடுவதில்லையா என்றாள். நாம் இருவருக்கும் முழு மதிப்பெண் போட்டோம்.

நவம்பர் 4-ஆம் நாள் ரீகன் 489 தேர்வாளர் வாக்குகளும் கார்ட்டர் 49 வாக்குகளும் பெற்றார்கள். இத்தனை பெரிய வெற்றிக்குத் துணை வேட்பாளர் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. போர்ட் நின்றிருந்தாலும் ரீகன் வென்றிருப்பார் என்றே நாம் கருதுகிறோம். துணையின் எடை தெரிவது வாக்கு எண்ணும் நாளில் அன்று.

அது தெரிந்த நாள் 1981 மார்ச் 30. பதவியேற்று 69 நாள்களே ஆகியிருந்தன. வாஷிங்டனில் ஓர் ஓட்டலை விட்டு வெளியே வந்த ரீகன் சுடப்பட்டார். குண்டு இதயத்துக்கு மிக அருகில் தங்கியிருந்தது. புஷ் அப்போது டெக்ஸஸ் மாநிலத்தில் பயணத்தில் இருந்தார். வெள்ளை மாளிகையில் குழப்பம். வெளியுறவு அமைச்சர் ஹேக் செய்தியாளர் முன் ஓடி வந்து, இங்கே பொறுப்பு என் கையில் என்ற பொருள்படப் பேசினார். சட்டப்படி துணை அதிபருக்கு அடுத்து மக்களவைத் தலைவர், அவருக்கு அடுத்து செனட் சபையின் தற்காலிகத் தலைவர், அதன் பிறகுதான் வெளியுறவு அமைச்சர்.

புஷ் விமானத்தில் விரைந்து வந்தார். ஹெலிகாப்டரை நேரே வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இறக்கலாம், நேரம் மிச்சமாகும், தொலைக்காட்சியிலும் நாடு பார்க்கும் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். அவர் ஒப்பவில்லை. அந்தப் புல்வெளியில் இறங்குவது அதிபருக்கு உரியது என்று சொல்லி, துணை அதிபர் இல்லத்தில் இறங்கி, அங்கிருந்து காரில் போனார். மறுநாள் அமைச்சரவைக் கூட்டத்தில் தம் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அதிபரின் நாற்காலி காலியாகவே இருந்தது. நாஷுவாவில் வாயடைத்து உட்கார்ந்தவர் என்று ரீகன் எடை போட்ட அதே மனிதர்தான் அவர்.

ரீகன் பிழைத்து எழுந்தார். எட்டாண்டுகள் முழுதாக ஆண்டார். 1988-இல் புஷ் தாமே அதிபர் வேட்பாளரானார். இப்போது துணையின் பெயரைச் சொல்லும் முறை அவருடையது. ஆகஸ்ட் மாதம் நியூ ஆர்லியன்ஸ் நகரில், ஆற்றங்கரை வெயிலில், அவர் அறிவித்த பெயரைக் கேட்டு அவருடைய நெருங்கிய ஆலோசகர்களிலேயே பலர் விழித்தார்கள். 41 வயது இந்தியானா செனட்டர் டான் குவேல். அந்தத் தேர்வின் கதை வேறு, அதற்கு இன்னொரு பொழுது வேண்டும்.